சரஸ்வதி திரும்ப வாங்கிய அட்வான்ஸ்

சரஸ்வதிக்கு அட்வான்ஸ் முழுசாகத் திரும்பக் கிடைத்தது. ஏற்காட்டில் வாடகைக்கு இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அப்படி வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று. வெள்ளையடிக்க இவ்வளவு, உடைந்த குழாய்க்கு இவ்வளவு என்று கழித்தது போக மிச்சம்தான் கைக்கு வரும். அவளுக்கு நாற்பதாயிரமும் அப்படியே வந்தது. அன்றிலிருந்து அவள் அழாத நாளில்லை.

ஏரிக்குப் பின்னால் மேட்டில், ஜீவானந்தத்தின் வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் பதினான்கு வருடம் குடியிருந்தார்கள். அவள் லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைத்தாள். புருஷன் சுப்பிரமணிக்கு டூரிஸ்ட் வேன். அடிவாரத்திலிருந்து மேலே வர இருபது கொண்டை ஊசி வளைவு. கண்ணைக் கட்டி உட்கார வைத்தாலும் இது எத்தனையாவது என்று சொல்லிவிடுவார். குடி கிடையாது, பீடி கிடையாது. அந்த மனுஷனுக்குப் போய் ஈரலில் கட்டி வந்தது. என்ன நியாயமோ!

சேலத்தில் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆசப்பட்டதக் குடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? வந்து சன்னலோரம் படுத்தார். கீழே ரோட்டில் வேன்கள் கியர் மாற்றும் சத்தம் கேட்கும். "இது நம்ம சந்தோசு வண்டி. கிளட்ச் போச்சு அவனுக்கு" என்பார்.

"சரசு, இனி எங்கயும் வேண்டாம். இங்கயே இருந்துக்கறேன்" என்றார் ஒருநாள்.

"ஆகட்டுங்க" என்றாள். அந்த ஒரு வாக்கைத்தான் பாவி அவளால் காப்பாற்ற முடியாமல் போனது.

மகள் ரம்யா நர்சிங் கடைசி வருடம். ஃபீஸ் கட்டினால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். வைத்தியத்துக்கு வேனும் போய், தாலிக்கொடியும் போய், மிச்சம் அந்த அட்வான்ஸ் ஒன்றுதான். அவருக்குப் பிறகு வீட்டைக் காலி செய்து, அதை வாங்கி ஃபீஸ் கட்டிவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். அவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே இப்படி நினைக்க வேண்டியிருக்கிறதே என்று தன்னைத்தானே திட்டியும் கொண்டாள்.

முந்தின வருடம் பக்கத்து வீட்டுக் காயத்ரியின் மாமியார் இறந்தபோது நாள் சரியில்லை, அடைப்பு என்றார்கள். ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போனால் அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போடுவது வழக்கம். ஜீவானந்தமும் பூட்டினார். காலி செய்து போகும்போது காயத்ரி, "ஆறு மாச வாடகையப் புடிச்சுக்கிட்டாருக்கா" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள். சரஸ்வதிக்கு வாடகை ஐயாயிரம். ஆறு மாதம் பிடித்தால் கையில் பத்தாயிரம்தான் நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சுப்பிரமணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சரஸ்வதி காலண்டர் தாளைப் பார்த்தாள். அவிட்டம். அடுத்த தாள் சதயம், அதற்கடுத்தது பூரட்டாதி. மூன்றுமே ஆகாத நட்சத்திரம். புடவையைக்கூட மாற்றாமல் ஓடிப்போய் ஜீப் பிடித்து வந்தாள்.

"சேலத்துல புது ஊசி ஒண்ணு வந்திருக்குதாமுங்க. டாக்டரு கூட்டிட்டு வரச் சொன்னாரு."

இருபத்து மூன்று வருடத்தில் அவரிடம் அவள் பொய் சொன்னதில்லை. சுப்பிரமணி அவள் முகத்தைப் பார்த்தார். தாள் தூக்கியபடியே கிடந்த காலண்டரையும் பார்த்தார்.

"போலாம் சரசு" என்றார்.

மடியில் தலையை வைத்துக்கொண்டாள். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் அவர் உதடு அசைந்தது. இருபது, பத்தொன்பது என்று மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். "பதினொண்ணு" என்றது அவளுக்குக் கேட்டது. பத்தை அவர் சொல்லவில்லை.

காரியம் முடிந்து, வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கப் போனாள். ஜீவானந்தம் நோட்டுகளை அவள் முன்னால் வைத்தார். அவள் எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள்.

"எதும் புடிக்கலீங்களா?"

"எதுக்குங்க அம்மிணி புடிக்கோணும்? பதினாலு வருசத்துல ஒரு மாசம் தள்ளிக் குடுத்ததில்ல நீங்க."

"இல்லீங்க, காயத்ரிகிட்ட அடைப்புக்குன்னு ஆறு மாசம்..."

"அடைப்புக்கா? அந்தப் புள்ள ஆறு மாசமா வாடகையே குடுக்கலீங்க, அதத்தான் கழிச்சேன். ஊட்டப் பூட்டுனது எங்க வழக்கம், அது என் நட்டம். சாவுக்குப் போயி ஆராச்சும் காசு புடிப்பாங்களா? எங்கப்பாருகூட இந்த வரிசையிலதானுங்க கண்ண மூடுனாரு."

சரஸ்வதி அந்த நோட்டுகளையே பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இவரிடம் வந்து கேட்டிருக்கலாம். நாலு எட்டு நடந்திருந்தால் போதும்.

ஜீவானந்தம் நல்ல மனுஷர்தான், வருத்தத்தோடுதான் கேட்டார்.

"ஆமா, அந்த நெலமையில மனுசன எதுக்குங்க அலைக்கழிச்சீங்க? நொம்ப ஆசையா இருந்த ஊடு. இங்கயே உட்டுருக்கலாமுங்களே."

அவள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிச்சு விழவே நேரமானது.

"சேலத்துல புது ஊசி ஒண்ணு வந்திருக்குதுன்னு சொன்னாங்க" என்றாள்.