சாயத்தொட்டியின் பதினான்காவது விதி

இளவரசிக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று ஐயம்பேட்டையில் சொல்வார்கள். அது பொய். காரணம் எப்போதும் இருந்தது. அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சமயத்தில் அந்தக் காரணமாகவே இருந்தவர்கள்.

ஒன்பதாம் வகுப்பில், உங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வராதே என்று அனுதாபப்பட்ட வாத்தியாருக்கு, அவர் பலகையில் போட்டுக்கொண்டிருந்த கணக்கிலேயே தப்பைக் காட்டினாள். அனுதாபம் அத்தோடு நின்றது. பாலிடெக்னிக்கில் கருவியியல் டிப்ளமோ படித்தாள். பிறகு ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம். அங்கே அவள் சரிசெய்த இயந்திரத்தின் முன்னால் சூப்பர்வைசர் நின்று போட்டோ எடுத்துக்கொண்டபோது, போட்டோவுக்குள் புகுந்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். மறுநாள் வேலை இல்லை.

"வாய மூடிக்கினு இருந்திருந்தா இந்நேரம் நீயே சூப்பர்வைசர் ஆயிருப்ப" என்றாள் அம்மா காந்தா.

"வாய மூடிக்கினு இருக்கறவங்கதாம்மா சூப்பர்வைசர் ஆவறாங்க. அதான் பிரச்சனையே."

முப்பத்து மூன்று வயதில் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். தொழில் என்றால் ஒரு பெட்டி. சாயத்தொட்டியின் சூட்டைப் பார்த்து ஆவி வால்வைத் தானே திறந்து மூடும் பெட்டி. பிள்ளையார்பாளையத்தில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் வேலாயுதம், ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறேன் என்றார். இளவரசிக்கு அந்த ஒரு மாதம்தான் எல்லாம். காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒருவர் பட்டறையில் காலையில் நடந்தது, மற்ற எல்லாருக்கும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தெரிந்துவிடும். பெட்டி வேலாயுதத்தின் பட்டறைச் சுவரில் நிலைத்தால் ஊரெல்லாம் கூப்பிடும். நிலைக்காவிட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

சாதாரணக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஒரே ஓர் எண்தான் தெரியும். எண்பத்தைந்து டிகிரி என்று சொல்லிவிட்டால் அதையே குறியாகப் பிடித்துக்கொண்டு போகும். சாயத்தொட்டி இந்த மாதிரி நேர்வழிக்காரர்களுக்கு அடங்குவதில்லை. வால்வை இரண்டு மடங்கு திறந்தால் சூடு இரண்டு மடங்கு ஏறாது. சில சமயம் ஏறவே ஏறாது, சில சமயம் நாலு மடங்கு எகிறும். கொதிகலனில் எரிக்கும் சவுக்கு விறகு காய்ந்திருந்தால் ஒரு குணம், நனைந்திருந்தால் வேறு குணம். போர் தண்ணீருக்கு ஒன்று, லாரித் தண்ணீருக்கு ஒன்று. ஈர நூலைக் கழியில் மாட்டி உள்ளே இறக்கினால் சூடு பொத்தென்று விழும்.

இளவரசியின் பெட்டி எண்ணை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. ரொம்பக் குறைவு, கொஞ்சம் குறைவு, சரி, கொஞ்சம் அதிகம். எண்பது டிகிரி என்பது நாலணா 'கொஞ்சம் குறைவு', பன்னிரண்டணா 'சரி'. ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கலாம், கணிதத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை. சூடு கொஞ்சம் குறைவாக இருந்து, வேகமாகவும் ஏறிக்கொண்டிருந்தால், ஆவியைக் கொஞ்சம் மூடு. இது ஒரு விதி. இப்படிப் பதின்மூன்று விதிகள். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வால்வை ஒரு பக்கம் இழுக்கும். இழுபறியின் நடுவில் வால்வு போய் நிற்கும். விறகு நனைந்தாலும் தண்ணீர் மாறினாலும் பெட்டி தடுமாறக்கூடாது என்பது ஏற்பாடு. புத்தகத்தில் இதற்கு ஃபஸ்ஸி லாஜிக் என்று பெயர். 'கொஞ்சம்' என்ற சொல்லை இவ்வளவு பக்குவமாக நிறுக்கத் தெரிந்தவளுக்குக் கோபத்தில் மட்டும் கொஞ்சம் என்பதே கிடையாது. சுவிட்சு மாதிரி, உண்டு அல்லது இல்லை. பெரும்பாலும் உண்டு.

விதிகளை அவள் கற்பனையில் எழுதவில்லை. இருபது வருடமாக அந்தத் தொட்டியைக் கையால் ஓட்டிவந்த வீராசாமியைக் கேட்டு எழுதினாள். அங்கேதான் தப்பு நடந்தது. வேலாயுதத்தின் மேசைக்கு முன்னால் வைத்துக் கேட்டாள்.

வேலாயுதம் முதலில் அவளை, ஐயம்பேட்டையில் எந்தத் தெரு என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு உண்மையான பொருள் என்ன என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். காலனி, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு, கேளும்மா என்றார். வீராசாமி கைகட்டி நின்றார். பக்கத்துக் கிராமமான கூரத்துக்காரர். அந்தப் பட்டறையில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்து பதில் சொன்னதில்லை. நூலை இறக்கியதும் சூட்டை எப்படி ஏற்றுவீர்கள் என்று இளவரசி கேட்டால் அவர் முதலாளி முகத்தைப் பார்த்தார். முதலாளி, நிற்காமல் ஒரே சீராக ஏற்ற வேண்டும் என்றார். ஆமாங்க, ஒரே சீராத்தான் என்றார் வீராசாமி. எல்லாக் கேள்விக்கும் இப்படியே. இளவரசி இருவருடைய வாயையும் பார்த்து எழுதிக்கொண்டாள். கையை யாரும் பார்க்கவில்லை.

பெட்டி சொன்னபடி செய்தது. ஒரே சீராகச் சூட்டை ஏற்றியது. முதல் தொட்டி அரக்கு நிறம் திட்டுத்திட்டாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. வேலாயுதம் ஒரு நூல் சிட்டத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, அவளைப் பார்க்காமல் அந்த நூலிடம் பேசினார். இன்னொரு தடவை இப்படி வந்தால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம்.

அவள் அன்று யாரோடும் சண்டை போடவில்லை. அதற்குக் கூட நேரமில்லாத கோபம். பெட்டியை அணைத்துவிட்டு, தொட்டியில் ஒரு வெப்ப உணரியை மட்டும் விட்டாள். ஒரு வாரம் வீராசாமி பழையபடி கையால் ஓட்டட்டும், சூடு ஏறுவதை இது எழுதிக்கொண்டே வரும் என்றாள். வாரக் கடைசியில் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். பதினோரு தொட்டி, பதினோரு கோடு. ஒவ்வொன்றும் அறுபத்தைந்து டிகிரிக்கு அருகில் போனதும் ஏறுவதை நிறுத்தி, ஆறேழு நிமிடம் படுத்துக் கிடந்தது. பிறகு எழுந்து போனது. நூல் சாயத்தை வேகமாகக் குடிக்கத் தொடங்கும் இடம் அதுதான். அங்கே நின்று நிதானித்தால் நிறம் எல்லா இழையிலும் சமமாகப் பரவும். விரட்டினால் திட்டு விழும்.

வீராசாமியிடம் கேட்டாள். வால்வை மூடுவதே இல்லை என்று காமாட்சி மேல் சத்தியம் செய்தார். கோட்டைக் காட்டினாள். உன் மெஷின் பொய் சொல்லுது என்றார். மறுநாள் அறுபத்தைந்து நெருங்கும் நேரம் பார்த்து அவர் பின்னாலேயே போனாள். விறகு அடுக்குக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்று, வீராசாமி பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"போட்டுக் குடுத்துடாதம்மா" என்றார். "சாமிக்குப் போற நூலுன்னு, மொதலாளி பீடி வாசனை பட்டாலே கணக்கு முடிச்சுடுவார். முன்ன இங்க இருந்த ஜோசுவாவ இதுக்குத்தான் வேலைய விட்டு அனுப்பினார்."

"அந்த நேரம் பாத்து எதுக்கு வர்றீங்க?"

"தொட்டி ஓரத்துல கைய வச்சா சுருக்குங்கும். அப்ப ஆவிய மூடிட்டு வந்தா ஒரு பீடிக்கு ஒண்ணும் ஆவறதில்ல. அதுக்கு முந்தி வந்தாலும் பின்ன வந்தாலும் கலரு சண்டித்தனம் பண்ணும்."

இருபது வருடமாக அரக்கு நிறத்தைச் சமமாக வைத்திருந்தது அந்தப் பீடிதான். அதைத் தன்னுடைய திருட்டுத்தனம் என்று நினைத்திருந்தாரே தவிர, தன்னுடைய தொழில் என்று வீராசாமிக்கே தெரியாது. சொல்லமாட்டேன் என்று இளவரசி வாக்குக் கொடுத்தாள். பதினான்காவது விதியை எழுதினாள். சூடு கொஞ்சம் குறைவு, நூல் இறங்கிக் கொஞ்ச நேரம் என்றால், ஆவியை மூடிக் காத்திரு. எவ்வளவு நேரம் என்பதற்கு அவள் தன் நோட்டில் போட்ட அளவு, ஒரு பீடி.

பெட்டி ஓட்டிய மூன்றாவது தொட்டி அரக்கு ஒரே முகமாக வந்தது. அதற்கடுத்து வந்தவையும் அப்படியே. நடுவில் மழையில் விறகு நனைந்தது, ஒரு நாள் லாரி வரவில்லை. பெட்டி எதற்கும் அசையவில்லை. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வேலாயுதம் மேலும் இரண்டு பட்டறைக்காரர்களை அழைத்துவந்து சுவரைக் காட்டினார். இளவரசியும் வீராசாமியும் ஓரமாக நின்றார்கள். வந்தவர்களில் ஒருவர், நடுவில் ஏன் ஆவி நிற்கிறது என்று கேட்டார்.

"அது எங்கப்பா காலத்து வழக்கம்" என்றார் வேலாயுதம். "எங்க குடும்ப சூட்சுமம். இந்தப் பொண்ணுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

இளவரசி வீராசாமியைப் பார்த்தாள். அவர் கைகட்டித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உங்கப்பாவும் விறகுக்குப் பின்னாடி நின்னு பீடி பிடிச்சாரா சார்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. வேலாயுதம் திரும்பி வீராசாமியைப் பார்த்தார். இருபது வருடம் பொய் சொல்லிப் பழகிய அந்த முகம், தேவைப்பட்ட ஒரே நிமிடத்தில் காலை வாரிவிட்டது. வேலாயுதத்துக்கு அதிகக் கோபம் கூட வரவில்லை. பெட்டிதான் எல்லாம் செய்கிறதே.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்பா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நியாயம் என்று பேசுபவர்கள் உண்டு. அது நியாயமில்லை, சுத்தமான கோபம். தன்மேல் வந்த கோபம் என்பதால் இன்னும் கொஞ்சம் சுத்தம். இளவரசி பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மூன்று முதலாளிகளின் முன்னால் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினாள். நாலு திருகு. நாலாவது வரவில்லை என்று பிடுங்கினாள், காரையோடு வந்தது. தொட்டியில் நூல் கிடந்தது, சூடு ஏறிக்கொண்டிருந்தது.

"யாராவது வால்வப் பாக்கணும் சார். ஆள் வேணும்னா உங்க எதிர்லதான் நிக்கறாரு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். வேலாயுதம் தொட்டியைப் பார்த்தார், ஏறும் ஆவியைப் பார்த்தார், பிறகு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, போப்பா, போய் வால்வப் பாரு என்று வீராசாமியிடம் சொன்னார்.

ஆள் சேரக் காத்து நின்ற ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைச் சாயங்காலம் வீராசாமி தேடி வந்து பிடித்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"வேலையத் தொலைச்சவளும் நீதான், திரும்ப வாங்கிக் குடுத்தவளும் நீதான். சத்தியம் பண்ணியேம்மா. தொட்டிக்கு வால்வு வக்கிறியே, மொதல்ல உன் வாய்க்கு ஒண்ணு வையி."

அவர் சொன்னது சரி என்பதும் அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது.

பெட்டி இப்போது வேறு மூன்று பட்டறைகளில் ஓடுகிறது. அன்று வேடிக்கை பார்த்த இருவரும்தான் முதலில் கூப்பிட்டார்கள். சுவரில் காரை பெயர்ந்தாலும் அரக்கு சமமாக வந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். விதி எழுதப் போகும்போது இளவரசி முதலாளியிடம், நீங்க வெளியே போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க சார் என்கிறாள். எதற்கு என்று கேட்டால் சொல்வதில்லை. முகத்தைப் பார்த்த பிறகு யாரும் இரண்டாவது தடவை கேட்பதும் இல்லை.