கண்ணாடிக் கடைக்காரர் எண்ணிய நட்சத்திரங்கள்

என் அத்தானுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேர் மூக்கில் உட்கார்ந்திருப்பது அவர் மாட்டிவிட்டதுதான், என் மூக்கு உட்பட. அவர் மூக்கில் மட்டும் ஒன்றும் கிடையாது. "கடைக்காரனுக்கே கண்ணு தெரியலன்னா எவன்டா நம்பி வருவான்?" என்பார். தூரத்துப் பார்வை மங்கி அவருக்கு ஏழெட்டு வருடம் ஆகிறது. அதை ஒப்புக்கொள்வதற்கு அவரைத் தவிர எல்லாரும் தயார்.

கண் சோதிக்கும் எழுத்துப் பலகை அவருக்குக் கடைசி வரி வரை மனப்பாடம். பலகைக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, தப்பாகப் படிப்பவர்களைத் திருத்துவார். நடுநடுவே ஜோக் அடிப்பார். வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஆனால் அது ஜோக்குக்கான சிரிப்பு இல்லை. கடையின் மறுகோடியில் கல்லாவில் இருக்கும் என் அக்கா, அவர் வாயைத் திறந்ததுமே கண்ணைச் செருகி, நாக்கைத் தொங்கவிட்டு, உயிர் போனவள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்வாள். பதினைந்தடி தூரம். அத்தானுக்கு அங்கே தெரிவது ஒரு நீல மூட்டம், அவ்வளவுதான்.

அக்காவுக்கு வேடிக்கை எல்லாம் கடையோடு சரி. அவர் கார் ஓட்டுவது அவளுக்கு வேடிக்கையாக இல்லை. போன மாதம் ஒரு குப்பைத் தொட்டியிடம் வழி கேட்டு அவர் விடாமல் ஹாரன் அடித்தார். அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. அதனால்தான் மலைப் பூங்காவில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்க ஏற்பாடு செய்தாள்.

"வானத்துல கார்த்திகைக் கூட்டம் இருக்குல்ல, அந்த ஆறு நட்சத்திரத்தையும் வெறுங்கண்ணால எண்ணிக் காட்டுங்க. இனிமே கண்ணாடிப் பேச்சே எடுக்க மாட்டேன். முடியலன்னா கண்ணாடி போடணும். இல்லாட்டி கார் சாவி என்கிட்ட."

"ஆறென்ன, அறுபது காட்டறேன்" என்றார் அத்தான்.

மலையேறும்போதே லட்சணம் தெரிந்துவிட்டது. பாதையோரம் நின்ற பட்டமரத்தை வனக்காவலர் என்று நினைத்து, "வணக்கம் சார், இன்னும் எவ்ளோ தூரம்?" என்று விசாரித்தார். பதில் வராததால் கோபம் வேறு. "அரசாங்க உத்தியோகம்னா வாயத் தொறந்து பேசக் கூடாதா?" அக்கா என்னைப் பார்த்தாள். நான் செருப்பில் முள் இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

பூங்கா வாசலில் அன்றிரவு ஒன்பது மணி வானத்தின் படம் ஒன்று கொடுத்திருந்தார்கள். இருட்டியதும் அத்தான் அதையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் புகுந்தார். கிட்டப் பார்வையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உள்ளே பரீட்சைக்குப் படிக்கிற முணுமுணுப்பு வெகுநேரம் கேட்டது.

ஒன்பது மணிக்கு வெளியே வந்தார். நிஜ வனக்காவலரும் வந்து நின்றார். அத்தான் விரலை உயர்த்தினார். "இதோ, கெழக்க ஒண்ணு. அதுக்குக் கீழ ரெண்டு. பக்கத்துல மூணு, நாலு. ஓரமா அஞ்சு, ஆறு. போதுமா?" ஒரு தடுமாற்றம் இல்லை.

வனக்காவலர் தொண்டையைச் செருமினார். "ஐயா, மேகம் மூடி இருவது நிமிஷம் ஆச்சுங்க. இப்ப யாருக்குமே ஒண்ணும் தெரியாது."

அத்தானின் விரல் மெல்ல இறங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். "தெரியலடா" என்றார் என்னிடம், சின்னக் குரலில். "ரொம்ப நாளாவே தெரியல." எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் செய்துகொடுத்த என் கண்ணாடியையே கழற்றி அவரிடம் நீட்டினேன்.

சற்று நேரத்தில் மேகம் விலகியிருக்க வேண்டும். எனக்கு என்ன தெரியும், என் கண் அவர் மூக்கில் இருந்தது. அத்தான் எழுந்து அண்ணாந்தபடி அசையாமல் நின்றார். "எல்லாம் தனித்தனியா இருக்கே" என்றார். கண்ணாடிக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறவிக் குணம் எங்கே போகும்? உடனே உற்சாகமாகி, "பாத்தீங்களா, நம்ம கடைக் கண்ணாடி போட்டா நட்சத்திரமே எறங்கி வந்து வெலை கேக்கும்!" என்று டார்ச்சோடு அக்கா பக்கம் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார். வனக்காவலர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடி இல்லாமலே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"இது எத்தன வருஷமா நடக்குது?"

அக்கா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். "ஒரு... ஏழெட்டு வருஷமா."

"அப்போ கடையில எல்லாரும் சிரிச்சது?"

அக்கா குனிந்து கூடாரக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். "ஒண்ணு ரெண்டு ஜோக் நெஜமாவே நல்லாருந்துச்சுங்க" என்றாள். அத்தான் கார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

இப்போது அத்தான் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடுதான் கடையில் நிற்கிறார். அக்கா கல்லாவில் முகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் ஜோக் அடிப்பதை மட்டும் விடவில்லை. வந்தவர்கள் சிரிக்காமல் விழித்தால், கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அக்காவுக்குப் போதுமான நேரம் கிடைக்கும்படி, ரொம்ப நிதானமாகத் துடைப்பார்.