பழைய மெஷினின் ரிங் நட்டு

பழைய மெஷினுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் நான் முதலில் பெயிண்டைத்தான் சுரண்டிப் பார்ப்பேன். அடியில் பற்றவைத்த தழும்போ மக்கு வைத்துப் பூசிய பள்ளமோ இருந்தே தீரும். இல்லாமல் எந்த வியாபாரியும் பெயிண்டுக்குச் செலவழிக்க மாட்டான். இதை என் வீட்டில் குணக்கேடு என்பார்கள். இருக்கட்டும்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் எங்கள் பட்டறைக்கு வந்து இறங்கிய மில்லிங் மெஷின் உச்சி முதல் அடிவரை பச்சைப் பசேலென்று பளபளத்தது. அது வந்து இறங்கியபோது நான் அங்கே இல்லை. மஞ்சள் காமாலை கண்டு, பெரம்பலூரில் அம்மா வீட்டில் கீழாநெல்லிச் சாறு குடித்துக்கொண்டும் உப்பில்லாத மோர்ச்சோறு தின்றுகொண்டும் கிடந்தேன். திருச்சியில் ஒரு பழைய மெஷின் வியாபாரியிடம் அதைப் பார்த்துப் பேசி முடித்து லாரியில் ஏற்றி வந்தவர் என் அக்கா புருஷன். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பட்டறை எங்கள் இருவருக்கும் பொது. வேலைக்கு வேறு ஆள் கிடையாது, நானும் அவரும்தான்.

அதுவரை எங்களிடம் ஒரு லேத்தும் ஒரு துளை போடும் மெஷினும் மட்டும்தான். பல்சக்கரம் வெட்ட வேண்டுமென்றால் திருச்சிக்கு ஓட வேண்டும். மில்லிங் மெஷின் வேண்டும் என்று நானும்தான் ஆசைப்பட்டேன். ஆனால் நான் எழுந்து நடமாடும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? படுக்கையில் கிடக்கிறவனிடம் வந்து, "அருமையான மெஷின் மாப்ள, விட்டா வேற எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவசரப்பட்டு வாங்குகிறவன் ஒன்று ஏமாளியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விற்கிறவனிடம் கமிஷன் வாங்கியிருக்க வேண்டும்.

உடம்பு தேறி நடக்க ஆரம்பித்ததும் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் வாடகைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். பட்டறைக்குத் தோதான இடம். இரண்டு மாதத்தில் பதில் சொல்கிறேன் என்று ஷெட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். மாமா என்னை ஏமாற்றியிருந்தால் லேத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு. போனால் அக்கா நடுவில் கிடந்து அல்லாடுவாள், அந்த வீட்டுப் படி நான் ஏற முடியாது என்பதெல்லாம் தெரியும். அதனால்தான் வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு கிளம்ப மனம் வரவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

அரியலூருக்குத் திரும்பிய அன்று சட்டையைக்கூடக் கழற்றாமல் மெஷினிடம் போனேன். அதன் டேபிளை நகர்த்துவது அடியில் நீளமாக ஓடும் ஒரு திருகுத்தண்டு. தண்டின் கோடியில் ஒரு பிராக்கெட். அதற்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு பேரிங். எல்லாவற்றையும் வெளியே இருந்து அழுத்திப் பிடிக்க ஒரு ரிங் நட்டு. நட்டு பதமாக இறுகியிருந்தால் தண்டு சுற்றுமே தவிர முன்னே பின்னே போகாது. தளர்ந்திருந்தால் கட்டர் இரும்பைக் கடிக்கும்போது டேபிள் வெடுக்கென்று இழுபடும். வெட்டிய இடம் அலை அலையாக வரும். கட்டரே உடைந்தாலும் உடையும். பழைய மெஷினில் முதலில் போவது இந்த இடம்தான். நூலளவு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்து டேபிளைத் தள்ளினேன், இழுத்தேன். முள் அசையவில்லை.

இன்னொருவன் என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கு மூக்கு வியர்த்தது. எத்தனையோ வருஷம் உழைத்த மெஷினில் ஆட்டமே இல்லையா? குனிந்து பார்த்தேன். ரிங் நட்டைச் சுற்றி மட்டும் பச்சைப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. நட்டின் காடியில் ஸ்பானர் பிடித்த தழும்பு புத்தம் புதிதாக மின்னியது. வியாபாரி கழற்றியிருந்தால் அதற்கு மேல்தானே பெயிண்ட் அடித்திருப்பான்? பெயிண்ட் அடித்த பிறகு யாரோ கழற்றியிருக்கிறார்கள். அதுவும் எங்கள் பட்டறையில் வைத்து.

"இதைக் கழட்டுனீங்களா மாமா?"

லேத்தில் குனிந்திருந்தவர் நிமிரவில்லை. "நானா? வந்தது வந்தபடி இருக்கு. அது பாட்டுக்கு நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் நோண்டுற?"

நோண்டாதே என்று சொன்னால் நோண்டாமல் இருக்க நான் என்ன சாமியாரா? ஆனாலும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

சுண்ணாம்புக்கல் கிரஷர் வைத்திருந்த ஒருவர் பல்சக்கரம் வெட்டக் கொடுத்தார். முதல் சக்கரம் வழுவழுவென்று வந்தது. இரண்டாவதை வெட்டும்போதே டேபிள் துள்ள ஆரம்பித்தது. கேஜை வைத்துப் பார்த்தால் முள் நன்றாகவே ஆடியது. நட்டு கழன்றுவிடாமல் பிடித்திருக்கும் லாக் வாஷரின் நாக்கை நிமிர்த்தி, கொக்கி ஸ்பானரால் நட்டை முடுக்கினேன். டேபிளை நகர்த்தும் ஹேண்டில் கனத்ததும் துளி தளர்த்தி, நாக்கை மறுபடி மடக்கிவிட்டேன். ஆட்டம் நின்றது. மறுநாள் சாயங்காலம் பார்த்தால் மறுபடி ஆட்டம்.

இந்த இடத்தில் என் புத்தி போன போக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் வீட்டுக்குப் போன பிறகு மாமாதான் நட்டைத் தளர்த்திவிடுகிறார் என்று நினைத்தேன். எதற்கு? மெஷின் சரியில்லை என்று நானே சலித்துப்போய்த் தள்ளிவிடச் சொல்லுவேன், அதே வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்கு விற்று அதிலும் ஒரு கமிஷன் பார்க்கலாம் என்று. எனக்கு நானே கதை கட்டுவதில் கெட்டிக்காரன். நட்டிலிருந்து தண்டின் நுனி வரைக்கும் சேர்த்துச் சாக்பீஸால் மெல்லிசாக ஒரு கோடு போட்டேன். யார் நட்டைத் திருப்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு முறியவே இல்லை. நட்டிலும் தண்டிலும் ஒரே நேராக அப்படியே இருந்தது. ஆட்டம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மறுபடி முடுக்கினேன். அதற்கடுத்த தடவை முடுக்கியபோது நட்டு மரையின் கடைசியில் போய் முட்டி நின்றுவிட்டது. இனி திருப்ப இடமில்லை, ஆட்டமும் போகவில்லை. அப்படியென்றால் வெளியே யாரும் தளர்த்தவில்லை. உள்ளே ஏதோ ஒன்று நாளுக்கு நாள் நசுங்கிக்கொண்டிருக்கிறது.

புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது. மாமா நாமம் போட்டுக்கொண்டு கல்லங்குறிச்சிக்குப் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் நான் பட்டறையின் கதவைச் சாத்திவிட்டு ஹேண்டிலைக் கழற்றினேன். நட்டு, வாஷர், வெளிப் பேரிங், பிராக்கெட் என்று ஒவ்வொன்றாக வந்தது. பேரிங்கின் தட்டு நன்றாகத் தேய்ந்து குழி விழுந்திருந்தது. அந்தத் தேய்மானத்தை ஈடுகட்ட, பிராக்கெட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் வளையம் வளையமாக மஞ்சள் தகடு வைத்திருந்தது.

தகடு வைப்பதில் தப்பில்லை. ஊர் உலகத்தில் எல்லாரும் வைப்பதுதான். அதற்கென்று கடையில் ஒரே கனமாக விற்கிற தகடு இருக்கிறது. இது அது இல்லை. கத்தரியால் வெட்டி, அரத்தால் ராவி, சுத்தியால் தட்டிச் சமமாக்கிய பித்தளை. மேடும் பள்ளமுமாக இருந்ததால் கட்டர் அதிர அதிர நசுங்கி, ஓரம் பிதுங்கிக் கிழிந்திருந்தது. துணியால் எண்ணெயைத் துடைத்தேன். ஒரு வளையத்தில் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து தெரிந்தது. என் அப்பாவின் இனிஷியல். பக்கத்தில் அக்கா பெயரின் முதல் எழுத்து, பாதி வெட்டுப்பட்டு.

அக்காவின் கல்யாணத்துக்குச் சீர் வைத்த பித்தளைத் தாம்பாளம் அது. பெயர் வெட்டக் கடைவீதிக்குத் தூக்கிக்கொண்டு போனவனே நான்தான். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எதற்கு? நாலு வீடு போனாலும் நம் பொருள் நம் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்பதற்கு. சீர்த்தட்டை வெட்டி மெஷினுக்குள் திணித்திருக்கிறான் மனுஷன். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். "இது என்னன்னு தெரியுதா?" என்று நீட்டினேன்.

அவள் கையை நீட்டி வாங்கவில்லை. "தெரியும். நான்தான் வெட்டிக்கச் சொன்னேன்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டுத்தான்..."

"ஆமா. சேர்ந்துதான்."

எழுந்து போய் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து தாம்பாளத்தை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். ஒரு பக்கம் முழுக்க வெட்டி எடுத்திருந்தது. "நீ சாப்பிட வர்றப்பல்லாம் இதை அங்க ஒளிச்சு வச்சிட்டுத்தான் உனக்கு இலை போட்டேன். கூடப் பொறந்தவனுக்குப் பயந்துக்கிட்டுச் சொந்த வூட்டுலயே திருடி மாதிரி."

"மெஷின்ல கோளாறுன்னு அவருக்கு எப்பத் தெரியும்?"

"வந்து இறங்கின மறுநாளே. ஏமாந்துட்டேன்னு தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. திருச்சியில தகடு வாங்கலாம்னா, அந்தக் கடைக்காரரு உன் சிநேகிதரு. நீ போனா சொல்லிடுவாரு. உள்ளூர்ல கிடைக்கல. நான்தான் இதை எடுத்துக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன தலையையா சீவிடுவேன்?"

அக்கா என்னை நேராகப் பார்த்தாள். "பெரம்பலூர்ல ஷெட்டு பாத்துட்டு வந்தியே, அதை எங்ககிட்டச் சொன்னியா நீ?"

"உனக்கு யாரு சொன்னா?"

"நீ அங்க இருந்தப்பவே அந்த ஷெட்டுக்காரரு ஒருநாள் பட்டறைக்கு வந்து விசாரிச்சாரு. ஆளு எப்படி, வாடகை ஒழுங்காத் தருவானான்னு. இவருகிட்டத்தான் கேட்டிருக்காரு."

"மாமா என்ன சொன்னாரு?"

"தங்கமான புள்ள, கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்கன்னு சொல்லி, டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சாரு. அப்புறம் வூட்டுக்கு வந்து சோத்துல கை வைக்கல. மெஷின்ல சின்னக் குறை தெரிஞ்சாக்கூட மாப்ள போயிடுவான்னுதான் இவ்வளவும் செஞ்சாரு. அவரு ஏமாந்தாருன்னு நான் சொன்னா நீ நம்பவா போற? ஏமாத்துனாருன்னு சொன்னா உடனே நம்புவ."

நான் பித்தளைத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் புத்தி எங்கே போகும்? பட்டறைக்கு நடந்து வருகிற வழியிலேயே, தங்கமான புள்ள என்று சொன்னது என்னைச் சீக்கிரம் அங்கே தள்ளிவிடத்தானோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

மாமா துளசியோடு திரும்பி வந்தார். பிராக்கெட் பிரிந்து கிடப்பதையும், விரித்த பேப்பரில் நான் வரிசையாக வைத்திருந்த பித்தளை வளையங்களையும் பார்த்தார். பிறகு துளசியை எனக்கும் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார்.

"கமிஷன் வாங்கிட்டேன்னு நினைக்கிற, இல்ல மாப்ள?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. கமிஷன் வாங்கினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் நான் திருச்சிக்குப் போய்ப் புதுப் பேரிங்கும் சரியான தகடும் வாங்கி வந்தேன். பெரம்பலூருக்குப் பதில் சொல்லப் போகவில்லை. ஷெட்டை வேறு யாரோ எடுத்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். பேரிங்கை நானும் மாமாவும் சேர்ந்துதான் பொருத்தினோம். பிராக்கெட்டை அவர் தூக்கிப் பிடித்தார், நான் போல்ட்டை முடுக்கினேன். கடைசியில் ரிங் நட்டு போடும் வேளை வந்ததும் கொக்கி ஸ்பானரை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்க மாமா" என்றேன்.

"வேணாம். நீயே முடுக்கு. நாளைக்கு ஆட்டம் வந்தா உனக்கு என் மேல சந்தேகம் இருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு மெஷினிலிருந்து இரண்டடி தள்ளிப் போய், இரண்டு கையையும் எனக்குத் தெரிகிற மாதிரி முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் நட்டை முடுக்கி, கேஜ் வைத்துப் பார்த்து, நாக்கை மடக்கி முடிக்கிறவரைக்கும் அப்படியே நின்றார். அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றாக வேலை செய்த அத்தனை வருஷமும், அந்த மெஷினை ஸ்பானரால் தொட வேண்டுமென்றால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டுதான் தொட்டார்.