கடற்கரையில் படித்துக் காட்டிய அறிக்கை

அறுபதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில் போன பயணம் இது. அப்போது சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிழலில் சின்னதாக ஒரு பொருளாதார ஆராய்ச்சி மையம் இருந்தது. தென்னாற்காடு மாவட்டத்து மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதுவது அதன் வேலை. அதை நடத்த விடலாமா, இழுத்து மூடலாமா என்று பார்த்துச் சொல்ல, அதற்குப் பணம் கொடுத்துவந்த என் சென்னை அலுவலகம் என்னை அனுப்பியது. அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். மையத்தைத் தேடிப் போகாதீர்கள், இப்போது அது இல்லை. ஊர்கள் இருக்கின்றன.

எழும்பூரில் இரவு வண்டி ஏறினால் விடிகிற நேரத்தில் சிதம்பரம். நான் இறங்கியபோது பனி மூடியிருந்தது. கோபுரத்துக்கு அடிப்பாகமே இல்லை, மேல் பாதி மட்டும் வானத்தில் நின்றது. இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். கீழவீதியில் இட்லிக்குக் கத்தரிக்காய்க் கொத்சு ஊற்றினார்கள். அந்தக் காரம்தான் என்னை எழுப்பிவிட்டது. சிதம்பரம் போனால் கொத்சு சாப்பிடாமல் திரும்பாதீர்கள், சொல்லிவிட்டேன்.

மையம் என்பது இரண்டு அறை, ஒரு வேப்பமரம். இயக்குநர் பேராசிரியர் ராமலிங்கம், கதர் ஜிப்பா, மெதுவான பேச்சு. எஸ்தர் என்ற ஆராய்ச்சி உதவியாளர், கடலூர்ப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். அவர்கள் வீட்டில் சம்பளம் வாங்கும் முதல் பெண்பிள்ளை. வந்திருக்க வேண்டிய அறிக்கைகள் வருடக்கணக்கில் வரவில்லை, அதுதான் மையத்தின் மேல் புகார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "ஊர்ல இன்னும் படிச்சு முடிக்கல" என்றார் பேராசிரியர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதுவது இவர்கள், படிக்க வேண்டியது நாங்கள், நடுவில் ஊருக்கு என்ன வேலை?

"நாளைக்குக் கடலூர்ல படிக்கிறோம், வந்து பாருங்க" என்றார்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். அந்த நாள் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆனது. இடப்பக்கம் நெல், வலப்பக்கம் தூரத்தில் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல் இருக்கிறது என்று காற்றின் உப்பு சொன்னது. இன்று அதே சாலையில் சிப்காட் தொழிற்பேட்டைப் புகைபோக்கிகளைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். பஸ்ஸில் எஸ்தர் முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டாள்.

"மூடிடுவீங்களா சார்?"

"பார்க்கலாம்" என்றேன்.

"மூடுனா நான் வீட்டுக்குத்தான் போவணும். மாப்பிள்ளைய ரெடியா வச்சிருக்காங்க. வேல இருக்குன்னு சொல்லித்தான் தள்ளிக்கிட்டு வரேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழைய கோப்புகளை வைத்து எழுதிய வரைவு அறிக்கை என் பையில் இருந்தது. கடைசி வரியில் 'மூடப் பரிந்துரைக்கிறேன்' என்றிருந்தது.

கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். மாலை நான்கரை மணி, வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. கட்டுமரங்கள் தூங்கின, நாய்கள் தூங்கின, வெயில்கூட மணலில் படுத்துவிட்டது. ஆண்களும் பெண்களும் வந்து உட்கார, எஸ்தர் படிக்க ஆரம்பித்தாள். அந்த மையத்தின் வழக்கம் இதுதான்: யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் ஆட்சேபம் சொன்னால் எழுதியதை அடிக்கக்கூடாது, ஆட்சேபத்தை அதற்குக் கீழேயே எழுத வேண்டும்.

"இவ்வூரில் குடும்ப வருமானம் ஆண்களின் கடல் தொழிலைச் சார்ந்தது..."

"ஏம்மா எஸ்தரு, நிறுத்து!" தனக்கோடி என்கிற மீன் விற்கும் அம்மாள். "அப்ப நாங்க கூடையத் தூக்கிக்கிட்டு தினமும் ஊர்கோலமா போறோம்?"

ஒரே சிரிப்பு. எஸ்தர் எழுதிக்கொண்டாள்.

"இவளுக்குத்தான் வாய் ஜாஸ்தி" என்றார் அவள் புருஷன். "ஆனா அவ சொல்றது நெசம், எழுதிக்க."

இப்படியே வரிக்கு வரி. குறிஞ்சிப்பாடி நெசவாளர்கள் இதைவிட மோசமாம், ஒரு பத்திக்கே இரண்டு நாள் சண்டை போட்டார்களாம். அறிக்கை ஏன் தாமதம் என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

திடீரென்று தனக்கோடி என்னைக் கைகாட்டினாள். "இவுரு யாரு?"

"எங்களப் பத்தி எழுத வந்திருக்காரு, மெட்ராஸ்லேர்ந்து" என்றாள் எஸ்தர்.

"உங்களப் பத்தியா? உங்களுக்குப் படிச்சுக் காட்டினாரா?"

அத்தனை முகங்களும் என் பக்கம். தப்பித்து ஓட அங்கே கடலைத் தவிர வேறு வழி இல்லை. பையைத் திறந்து வரைவை எடுத்துப் படித்தேன். காகிதம் காற்றில் படபடத்தது. 'பயனற்ற தாமதம்' என்று படித்தேன். கடைசி வரியையும் படித்தேன்.

பேராசிரியர் எழுந்து நின்றார். "ஒரு திருத்தம். குறிஞ்சிப்பாடி அறிக்கை ரெண்டு வருஷம் தாமதம்னு போட்டிருக்கீங்க. தப்பு. மூணு வருஷம்."

அடப்பாவி மனுஷா, என்று நினைத்தேன். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே!

அடுத்து எஸ்தர். "'பயனற்ற'ன்னு எழுதினதுக்கு ஆட்சேபம். எங்களால பயன் இல்லன்னு இந்த ஊரு சொல்லல. மெட்ராஸ்தான் சொல்லுது. கீழ எழுதிக்குங்க."

"நாங்க சொல்லவேயில்ல" என்றாள் தனக்கோடி.

எழுதிக்கொண்டேன். ஒரு வரியையும் அடிக்காமல், பேராசிரியரின் திருத்தத்தையும் எஸ்தரின் ஆட்சேபத்தையும் கீழே சேர்த்து, அப்படியே அலுவலகத்தில் கொடுத்தேன். என் மேலதிகாரி அந்தத் திருத்தத்தை இரண்டு தடவை படித்தார். "தனக்கு எதிராவே திருத்துறவனை நம்பாம வேற யாரைய்யா நம்பறது?" என்றார். மையம் இன்னும் பல வருடம் நடந்தது. வீட்டில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டார். எஸ்தர் தன் மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள். குப்பங்களுக்குக் காலையில் போகாதீர்கள், ஏல நேரத்தில் உங்களோடு பேச யாருக்கும் பொழுதிருக்காது. மாலை போங்கள். நேரம் இருந்தால் பண்ருட்டிப் பக்கம் திருவதிகைக் கோயிலையும் பார்க்கலாம். அங்குள்ளவர்களைப் பற்றி எழுதினால், அவர்களுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள்.

நானும் நேற்று எஸ்தருக்குத் தொலைபேசியில் இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். எண்பதைத் தாண்டியும் இன்னும் 'சார்' போடுவதை விடவில்லை. எல்லாம் சரி, ஒன்றுக்கு மட்டும் ஆட்சேபம் என்றாள். வழக்கப்படி அடிக்காமல் கீழே எழுதுகிறேன்.

ஆட்சேபம்: "கடல் அசையாம கெடந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அன்னிக்குக் காத்தே இல்ல சார். நடுங்குனது உங்க கை."