டம்பில் நான் சறுக்கிய ஞாயிற்றுக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், எங்கள் கோலார் தங்கவயலில் நடந்தது இது.

என் மனைவி இங்கே ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஜனவரியில் மணாலி பக்கம் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போவதென்று பள்ளியில் முடிவு செய்து, கூடப் போக அவளைப் போட்டார்கள். பிள்ளைகளோடு அவளும் காலில் பலகை கட்டிக்கொண்டு சறுக்கக் கற்க வேண்டுமாம். நான் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிஃப்ட் விட்டால் வீடு, வீடு விட்டால் ஷிஃப்ட். நான் பார்த்த பனியெல்லாம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் உறைந்து கிடப்பதுதான். விஷயத்தைக் கேட்டதும் ரொம்ப சந்தோஷம் என்றேன். வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

போவதற்கு முன் தொடை, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றையும் பழக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் அவள் கூடத்துச் சுவரில் முதுகை ஒட்டி, இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் தொடை நடுங்க நிற்பாள். அதோடு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் மசாஜுக்கும் போக ஆரம்பித்தாள். சின்ன வயசுப் பையன். திரும்பி வந்து, இடுப்பு லேசாகிவிட்டது, கெண்டைக்கால் இளகிவிட்டது என்று அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் துணைக்கு வருகிறேன் என்று நானும் கிளம்பினேன். உண்மையில் அது காவல். அங்கே ஒரு நர்ஸம்மாவும் இருந்தார், கதவும் திறந்துதான் இருந்தது. சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அந்தப் பையன் முழங்கையால் அவள் கெண்டைக்காலை மெதுவாக அழுத்தி, மூச்சை விடச் சொன்னான். கண்ணை மூடிப் படுத்திருந்த அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பொறாமை அந்தப் பையன் மேலா, மணாலி மேலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை டம்புக்கு அழைத்துப் போனேன். தங்கம் எடுத்த பிறகு சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன இடத்தை நாங்கள் டம்ப் என்போம். சின்ன வயதில் நாங்களெல்லாம் கோணிப்பையில் உட்கார்ந்து அதில் சறுக்கியவர்கள்தான். இப்போது அங்கே ஏறக்கூடாது என்கிறார்கள். நான் கேட்கவில்லை. சறுக்குவதற்கு எவனிடமும் போய்ப் படுக்க வேண்டாம், இந்த ஊர்க்காரனுக்கு அது பிறவிக் குணம் என்று பேசிக்கொண்டே, வீட்டிலிருந்து கொண்டுபோன பலகையின் மேல் ஏறி நின்றேன்.

"வேணாங்க. உங்க காலு இன்னும் ரெடியாவல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. காலை உந்தினேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். பாதிச் சரிவில் பலகை ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போனேன். மழை அறுத்த ஒரு பள்ளத்தின் விளிம்பில் போய்த்தான் நின்றேன். இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் இதைச் சொல்ல ஆள் இல்லை. வலது தொடை கல்லாக இறுகி, முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவள் பக்கவாட்டில் காலை மடக்கி மடக்கி வைத்து, ஒரு தடவைகூட வழுக்காமல் இறங்கி வந்தாள். அந்த வலியிலும் அதைக் கவனித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையை இரண்டு கையாலும் பிடித்து, "மூச்ச உடுங்க, புடிச்சி வெச்சிக்காதீங்க" என்றாள்.

எலும்பு முறியவில்லை, தசை கிழிந்திருக்கிறது, நடக்கக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அவள் என் காலுக்கு அடியில் தலையணையை வைத்தாள். "உங்கள இப்படி உட்டுட்டு நான் எங்க போறது? வேற டீச்சர அனுப்பிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வலி பாதி குறைந்தது எனக்கு.

மறுநாள் காலை அவள் சுவர்ப் பக்கம் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். கட்டிலில் படுத்திருந்த எனக்கு எதிரே அந்தச் சுவர். தினமும் அவள் முதுகு பட்டுப் பட்டு அங்கே சுண்ணாம்பு போய் ஒரு மங்கல் விழுந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. வீடு அமைதியாக இருந்தது. கோபம் இல்லை, குறை இல்லை, காபி நேரத்துக்கு வந்தது. மனசுக்குள் நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, ஆனால் அந்தச் சுவரைப் பார்க்க முடியவில்லை.

அவளுக்குத் தெரியாமல் அந்தப் பிசியோ பையனுக்கு நானே போன் செய்தேன். வீட்டுக்கே வந்தான். "அவ கெளம்புறதுக்குள்ள நான் நடக்கணும்பா" என்றேன். டாக்டரின் சீட்டைப் பார்த்தான். அடிபட்ட இடத்தைத் தொடாமல் இடுப்பையும் முதுகையும் அழுத்திக்கொண்டே வந்தவன் தோளுக்கு வந்ததும் கையை நிறுத்தினான். "இன்னாண்ணே, அடி கால்ல, இங்க இன்னாத்துக்கு இப்படி இறுக்கி வெச்சினு கீறீங்க?" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மனைவியிடம், நீ உன் பயிற்சியை விடாதே, நான் என்னுடையதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. அவன் சொன்னதைச் சொன்னபடி செய்தேன். வீங்கியது வடிந்தது, கம்பு ஊன்றினேன், பிறகு கம்பை விட்டேன். அவள் மறுபடி சுவரில் முதுகை ஒட்டிய அன்று, அவள் பக்கத்தில் நானும் சாய்ந்து கால்வாசி மட்டும் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் தொடை நடுங்கியது. அவள் சிரித்தாள்.

கிளம்பிய அன்று ஸ்டேஷனில் ஆட்டோவை விட்டு இறங்கி பிளாட்பாரம் வரை நடந்தே போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரயில் நகர்ந்ததும் பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. ஒரு வாரத்தில் வீடியோ அனுப்பினாள். வெள்ளை வெளேர் என்ற சரிவில் சறுக்கி, விழுந்து, பனியைத் தட்டிக்கொண்டு எழுந்து மறுபடி சறுக்கினாள். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் மங்கல் இரண்டு. இந்த வருடமும் அவளைத்தான் அனுப்புகிறார்கள். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அவள் போகவில்லை என்று சொன்ன அந்த இரண்டு நாள் வீட்டில் இருந்த அமைதியைவிட, இந்த வயிற்றெரிச்சலோடு அவளை வழியனுப்பிவிட்டுத் திரும்பி நடப்பது எவ்வளவோ மேல் என்று அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.