கஞ்சி என்று நினைத்த தோல்

கம்பஸ் படிப்பு முடித்து வந்த கையோடு எனக்குக் கிள்ளுகிற வேலை கிடைத்தது. பகிடியில்லை. தோல் இறுகிப்போகும் நோயை ஆராய்ந்த டொக்டர் ஒருவர் கிழமைக்கு ஒருநாள் கல்முனை ஆஸ்பத்திரிக்கு வருவார். முகத்திலிருந்து பாதம் வரை பதினேழு இடங்களில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்க்க வேண்டும். இலகுவாக எழும்பினால் பூச்சியம். அசையவே அசையாவிட்டால் மூன்று. எங்கள் பெண்கள் ஆண் டொக்டரை நெஞ்சில் கைவைக்க விடவில்லை. அதனால்தான் என்னைப் பழக்கினார். கைகளை மட்டும் இருவரும் கிள்ளுவோம். என் இலக்கத்தைத் தாளில் எழுதி மடித்து வைத்து, அவர் தன்னுடையதைச் சொன்ன பிறகுதான் விரிப்பேன். இரண்டும் ஒத்துப்போனால், "சரிதான்" என்பார். ஒவ்வொரு முறையும் ஒத்துப்போனது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஒருநாள் மருதமுனையிலிருந்து நெசவுக்காரப் பெண் ஒருவர் வந்தார். விரல்கள் பளபளவென்று மடங்காமல் நின்றன.

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"ஒரு வருசம் இரிக்கும் மக. நூலுக்குக் கஞ்சி போடுறதானே, அதுதான் காய்ஞ்சி இறுகிரிக்கி எண்டு நெனச்சன். கழுவிக் கழுவிப் பாத்தன், போகல்ல."

என் பேனா நின்றுவிட்டது. எனக்கு மூத்தவள், என் ராத்தாவும் தறி நெய்கிறவள். முந்திய கிழமை சோறு பிசையும்போது அவளும் இதையேதான் சொன்னாள். கஞ்சி காய்ந்து விரல் மடங்குதில்லையாம்.

சாய்ந்தமருதிலுள்ள வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் கையை நானே கிள்ளிக்கொண்டு போனேன். விரலில் தொடங்கி, கடைசியில் வாய் திறக்க முடியாமல் போனவர்களின் முகங்களையும் நான் கிள்ளியிருக்கிறேன்.

ராத்தா தறியில் இருந்தாள்.

"எழும்புங்க ராத்தா. கையக் கழுவிட்டு வாங்க."

"என்னடி, கம்பஸ்காரிக்கு நம்மட கை ஊத்தையா?"

சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் நானே கழுவினேன். முழங்கைக்குக் கீழே தோல் எழும்பியது. புறங்கையில் கொஞ்சம். விரலில் என் நகம் வழுக்கியது.

"எத்தின மாக்ஸ்?"

"ரெண்டு."

"எத்தினைக்கு?"

"மூணுக்கு."

"அப்ப பாஸ்தானே! பொறகென்ன மூஞ்சியத் தொங்கப் போட்டிரிக்காய்?"

இந்தச் சோதினையில் பூச்சியம் எடுப்பவர்தான் முதலாம் பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த கிழமை அவளைக் கூட்டிப்போனேன். டொக்டர் கிள்ளுவதற்கு முன்பே என் தாள் மடித்தபடி உள்ளங்கையில் நனைந்துகொண்டிருந்தது. யா அல்லாஹ், இந்த ஒருதரம் மட்டும் என் இலக்கம் பிழையாகட்டும் என்று கேட்டேன். அவர் ராத்தாவின் நடுவிரலைப் பிடித்தார். விட்டார். திரும்பவும் பிடித்தார்.

"நீங்க எத்தின போட்டீங்க?"

அவர் ஒருநாளும் முதலில் என்னிடம் கேட்டதில்லை. தாளை விரித்துக் காட்டினேன்.

"சரிதான்," என்றார்.

ராத்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.