சுவரில் ஒட்டிய மாநாடு

அந்தக் கல்லூரியின் வேதியியல் துறையில் இரண்டு மேடம்கள். துறைத் தலைவி பெரிய மேடம், அவருக்கு அடுத்த நாற்காலிக்காரர் சின்ன மேடம். சின்ன மேடத்துக்கு வயது ஐம்பதைத் தொடப்போகிறது, உயரத்திலும் பெரிய மேடத்தைவிட ஒரு சாண் கூடுதல். என்ன செய்ய, வைத்த பேர் வைத்ததுதான். இந்தக் கதை அவருடையது. பெருமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அடக்கி வாசித்தால் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

சின்ன மேடத்தின் அப்பா தையல்காரர். மகள் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, அவளுடைய கட்டுரை ஒரு பெரிய மாநாட்டில் தேர்வானது. வெளியூர், நட்சத்திர ஹோட்டல். போக்குவரத்து, அறை வாடகை, இது போதாதென்று உள்ளே நுழைவதற்கே ஒரு கட்டணம். "மிஷினை வித்துடலாமா?" என்று அப்பா கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மகள் அன்றே போகவில்லை என்று சொல்லிவிட்டாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் போய், அவள் கண்டுபிடித்ததை அவளுக்குப் பதிலாகப் பேசிவிட்டு வந்தார். வரும்போது மறக்காமல் மாநாட்டில் கொடுத்த துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பையைக் கொஞ்ச காலம் அவள் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அப்புறம் கோபம் தணிந்து அதில் காய்கறி வாங்கினாள்.

வேலைக்கு வந்து, சின்ன மேடமான பிறகும் அந்த வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. வேதியியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஒவ்வொன்றிலும் எழுந்து நின்று ஒரே பாட்டைப் பாடினார். "மாணவர்கள் வர முடியாத மாநாடு, பொண்ணு மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி. நாம மட்டும் போய்ச் சாப்பிட்டுட்டு வர்றோம். ஹோட்டல் வேண்டாம், காலேஜ்லயே நடத்துவோம்." சங்கத்தின் செயலாளர் பெரிய மேடம்தான். கெட்ட மனுஷி இல்லை, தரம் தரம் என்று சாகிறவர். கல்லூரி வகுப்பறையில் மாநாடு நடத்தினால் யார் மதிப்பார்கள் என்பது அவர் கவலை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, பெரிய மேடமும் ஒருநாள் தேய்ந்தார்.

"சரி, ஒரு தடவை உன் இஷ்டப்படி நடத்து. ஆனா சந்தி சிரிச்சுதுன்னா மறுபடியும் ஹோட்டல்தான். அப்புறம் நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன் மேடம்," என்றார் சின்ன மேடம். சொல்லிவிட்டு அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இந்த ஒரு தடவை சொதப்பினால், இனி வரப்போகிற பிள்ளைகளுக்கும் அவரே கதவைச் சாத்தியதாகிவிடும்.

விடுமுறையில் காலியாகக் கிடக்கும் விடுதி அறைகள் தங்குவதற்கு. விடுதிச் சமையல்காரர்களே சாப்பாட்டுக்கு. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு மாநாட்டுக் கூடத்தை ஒட்டிய அறையில் பாய். சக்கர நாற்காலியில் வரும் மாணவனுக்காக வாசற்படியில் பலகைச் சரிவு. ஆங்கிலம் வராதவர்கள் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது. மிச்சம் இருந்தது போஸ்டர்தான். ஆராய்ச்சி மாநாட்டில் எல்லோருக்கும் மேடை கிடைக்காது. மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியை ஆளுயரத் தாளில் படமும் எழுத்துமாக அச்சடித்து, ஒரு பலகையில் குத்தி, பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்குவார்கள். அதற்குப் பெயர் போஸ்டர். பளபளப்புத் தாளில் அடிக்கக் கடைக்காரர்கள் கேட்கிற விலைக்கு ஒரு மாதம் சாப்பிடலாம்.

சின்ன மேடத்தின் மாமா, அம்மாவுடைய தம்பி, அச்சகம் வைத்திருந்தார். கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம், சினிமா என்று ஊர்ச் சுவரெல்லாம் அவர் கைவண்ணம். மாணவர்கள் அனுப்பியதை எல்லாம் சுவரொட்டித் தாளிலேயே அடித்துத் தருவதாக ஏற்றுக்கொண்டார். மாநாட்டுக்கு முதல்நாள் மத்தியானம் போன் வந்தது.

"அடிச்சு முடிச்சாச்சும்மா. எங்க ஒட்டணும்?"

சின்ன மேடம் அப்போது விடுதித் தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "காலேஜ்லதான் மாமா. எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி ஒட்டிடச் சொல்லுங்க."

"அதை நீ எனக்குச் சொல்லணுமா?" என்றார் மாமா.

சொல்லியிருக்கத்தான் வேண்டும். மறுநாள் காலை சின்ன மேடம் கூடத்தைத் திறந்தால், பலகைகள் எல்லாம் மொட்டையாக நின்றன. வெளியே ஓடினார். கல்லூரியின் வெளிச்சுவர், பேருந்து நிறுத்தத்திலிருந்து தெருமுனை வரை, ஒரே வேதியியலாக இருந்தது. மைதாப் பசை போட்டு, தேய்த்து, தொழில்சுத்தமாக ஒட்டியிருந்தார்கள். மாமா இடுப்பில் கைவைத்து நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடி இடிச்சாலும் மழை பேஞ்சாலும் அசையாதும்மா."

"ஐயோ மாமா! உள்ள பலகையில குத்தணும் மாமா!"

"போஸ்டரைக் கொண்டுபோய் உள்ள வச்சா எவன் பார்ப்பான்?" மாமாவுக்கு உண்மையாகவே புரியவில்லை.

ஒரு ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தார் சின்ன மேடம். தாள் கிழிந்தது, பசை வரவில்லை. அதற்குள் பேராசிரியர்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். பெரிய மேடத்தின் காரும் வந்தது. கண்ணாடியை இறக்கி, சுவரை ஒருமுறை, சின்ன மேடத்தை ஒருமுறை பார்த்தார். சந்தி சிரிப்பது என்றால் இதுதான். சந்தியிலேயே வந்து நடக்கிறது. சின்ன மேடத்துக்கு அழுகை முட்டியது. அழுதால் வேலை கெட்டுவிடும் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பயந்துபோய் நின்ற மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? அவங்கவங்க போஸ்டர் கிட்டப் போய் நில்லுங்க. யார் வந்து கேட்டாலும் சொல்லுங்க. கேக்கலைன்னா கூப்பிட்டுச் சொல்லுங்க."

தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் போஸ்டர் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி அமைந்துவிட்டது. சாலையோர மரங்களின் இலைகளில் படியும் புகைக்கரியைப் பற்றியது. வண்டி கிளம்பக் காத்திருந்த ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா இது, போஸ்டர்ல ஹீரோவையே காணோம்?"

"இலைதாண்ணா ஹீரோ," என்றாள் அவள். பயந்திருந்தாலும் வாய் சும்மா இல்லை. தலைக்கு மேல் தொங்கிய கிளையிலிருந்து ஓர் இலையைப் பறித்து வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்துக் காட்டினாள். கைக்குட்டை கறுத்தது.

"எங்க பஸ்ஸாலயா?"

"எல்லா வண்டியாலயுந்தாண்ணா."

"மழை பேஞ்சா போயிடாதா?"

"மேல இருக்கிறது போயிடும். இலை மூச்சு விடுற ஓட்டைக்குள்ள போனது போகாதுண்ணா. நான் பார்த்தது அதைத்தான்."

ஓட்டுநர் நடத்துநரைக் கூப்பிட்டார். நடத்துநரோடு பயணிகளும் வந்தார்கள். இதற்குள் பெரிய மேடம் அந்தக் கூட்டத்தின் பின்னால் வந்து நின்றதை அந்தப் பெண் கவனிக்கவில்லை.

"இந்த ரோட்டு மரத்தை மட்டும் பார்த்துட்டு வண்டிப் புகைதான்னு எப்படிச் சொல்றே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெரிய மேடத்தின் குரல் என்று தெரிந்ததும் சின்ன மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எத்தனையோ ஆராய்ச்சிகளைப் படுக்கவைத்த குரல் அது.

"வண்டியே போகாத இடத்து மரத்தையும் எடுத்தேன் மேடம். அந்தப் படம் கீழே..." என்று குனிந்தவள் திகைத்தாள். ஒட்டினவர்கள் அடுத்த போஸ்டரின் ஓரத்தை அந்தப் படத்தின் மேலேயே ஏற்றிவிட்டிருந்தார்கள்.

சின்ன மேடம் கைப்பையில் துழாவி ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் சுவரின் வெற்றிடத்தில், மறைந்துபோன படத்தை மனசிலிருந்தே வரைந்தாள். இரண்டு கோடுகள். ரோட்டு மரத்தினுடையது ஏறுகிறது, வண்டி போகாத இடத்து மரத்தினுடையது படுத்தே கிடக்கிறது. எந்த மாதம் எவ்வளவு என்று தட்டுத் தடுமாறாமல் சொன்னாள். பெரிய மேடம் இன்னொன்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது. மூன்றாவதாகக் கேட்டதற்கு, "அது எனக்குத் தெரியலை மேடம், இனிமேதான் பார்க்கணும்," என்றாள். பெரிய மேடம் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக அந்தத் துறையில் ஆட்கள் தவம் கிடந்திருக்கிறார்கள்.

சுவர் நெடுக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஹோட்டலில் போஸ்டர் நேரம் என்றால், பாதிப் பேர் டீ மேசையை மொய்ப்பார்கள். மாணவன் தன் பலகைக்குக் காவல் நிற்பான். இங்கே பேராசிரியர்கள் வெயிலில் நின்று கேட்டார்கள், மளிகைக் கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து கேட்டார், வண்டியைத் தவறவிட்டவர்கள்கூட அடுத்த வண்டிக்கு அவசரப்படவில்லை. கேட்கக் கேட்கப் பிள்ளைகளின் முதுகு நிமிர்ந்தது. சின்ன மேடம் தெருவோரத்தில் நின்று அதைப் பார்த்தார். இவ்வளவு பெருமை இந்த உடம்பு தாங்குமா என்று இருந்தது அவருக்கு.

பெரிய மேடம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மாமாவிடம் போனார்.

"ஒட்டினது நீங்கதானா?"

மாமா திட்டு வாங்கத் தயாரானார். "தப்புதாம்மா. எங்க பாப்பா மேல கோவிச்சுக்காதீங்க."

"அடுத்த வருஷம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஒட்டுங்க."

சின்ன மேடத்துக்குக் காதில் விழுந்ததை நம்பமுடியவில்லை. "அப்போ ஹோட்டல் மேடம்?"

"ஹோட்டல்காரன் சுவத்துல ஒட்ட விடமாட்டானே," என்று சொல்லிவிட்டுப் பெரிய மேடம் அடுத்த போஸ்டரைப் படிக்கப் போனார்.